‘ஆண்டவர் என்னோடு பேசவில்லையே’ என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறுப் பள்ளி, திடப்படுத்தல், வாலிபர் கூட்டம் என்று எல்லாப் படிகளும் ஏறி வந்தவர் நீங்கள். இப்போது வயது 24. சென்னையில் வேலை, விடுதியில் அறை, மின்சார ரயிலில் தினமும் இரண்டு மணி நேரப் பயணம். ஜெபக்குழு நண்பர்கள் “இன்று காலை ஆண்டவர் என்னோடு பேசினார்” என்று சாட்சி சொல்லும்போது உங்களுக்குள் ஒன்றும் அசைவதில்லை. போன வருடம் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் எல்லாரும் கைகளை உயர்த்தி அழுதபோது நீங்களும் அழுவதுபோல் காட்டிக்கொண்டீர்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. “தேவன் எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த ஒருவராகவே இருக்கிறார். அன்றாட வாழ்க்கையில் அவரை நிஜமாக அனுபவிக்க முடியுமா? இல்லை, குறை என்னிடம்தானா?” இதுதான் கேள்வி.

உங்களிடம் குறை இல்லை. ஆனால் அந்த அழுகை நடிப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை அப்படி நடிக்கும் அளவுக்கு நெருக்கும் கூட்டங்கள்மேல்தான் எனக்கு வருத்தம். பொய் முகத்தோடு தேவனிடம் போகிறவனுக்கு அவர் நிஜமாகத் தெரிய வழியே இல்லை. அங்கே போய் நிற்பது அவனே அல்லவே! “ஆண்டவரே, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை” என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். அது ஜெபம்தான். பதின்மூன்றாம் சங்கீதம் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றுதான் ஆரம்பிக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் கடைசி வரி வரைக்கும் வெளிச்சம் வருவதே இல்லை. அப்படிப்பட்ட பாட்டையும் ஜெபப்புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாத்தவர்கள் நம்முடைய முன்னோர்கள்.

அடுத்து, ‘அனுபவம்’ என்ற சொல்லைப் பற்றி. நாம் அதைக் கேட்டவுடன் கண்ணீர், சிலிர்ப்பு, நெஞ்சில் ஒரு சூடு என்று நினைத்துக்கொள்கிறோம். வேதத்தில் யாக்கோபைப் பாருங்கள். அண்ணனை ஏமாற்றிவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறவன், பொழுது போன இடத்தில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டான். அவன் உபவாசம் இருக்கவில்லை, தேவனைத் தேடவும் இல்லை. கனவில் தேவனைக் கண்டு விழித்தபின் சொல்கிறான்: “மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்.” அந்த இரண்டாம் பாதியை நான் எத்தனையோ முறை ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளிடம் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். அவன் படுக்கும்போதே அவர் அங்கே இருந்தார். அறிவுதான் பிந்தி வந்தது. எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்களுக்கும் அப்படித்தான்: வழி முழுவதும் கூடவே நடந்த, உயிர்த்தெழுந்த இயேசுவை அப்பம் பிட்கிற நேரத்தில்தான் அடையாளம் கண்டார்கள். அவர் வழியில் பேசியபோது தங்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததே என்று அதன் பிறகுதான் பேசிக்கொண்டார்கள். நடக்கும்போது அவர்களுக்கு அது தெரியவில்லை. தேவ பிரசன்னம் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கையில்தான் தெரிகிறது என்பது என் அனுபவமும்கூட.

அப்படியானால் காத்திருப்பது மட்டும்தானா? பயிற்சி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு ஒரு சமையற்காரரைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

நிக்கோலா எர்மன் என்பவர் பதினேழாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சின் கிழக்கே உள்ள லொரேன் பகுதியில் பிறந்த ஏழை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காலில் காயம்பட்டவர். பிறகு ஒரு செல்வந்தர் வீட்டில் ஏவலாளாக இருந்தார். கை பட்டதையெல்லாம் உடைத்துப்போடும் முரடன் என்று தம்மைப் பற்றியே சொல்லியிருக்கிறார். 1640-இல் பாரிசில் கார்மேல் துறவற சபையின் மடத்தில் சகோதரராகச் சேர்ந்து லாரன்ஸ் என்று பெயர் பெற்றார். குருவாகும் படிப்பு இல்லாததால் அவரை அடுப்படிக்கு அனுப்பினார்கள். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. அந்த வேலையைத்தான் பதினைந்து ஆண்டுகள் செய்தார். கால் மோசமான பிறகு, உட்கார்ந்து செருப்புத் தைக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

பதினெட்டு வயதில் அவருக்கு ஒரு அனுபவம் உண்டு. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தார். அந்த நினைப்பில் தேவனுடைய பராமரிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். அக்கினியும் இல்லை, குரலும் இல்லை. ஒரு மொட்டை மரம்.

மடத்தில் சேர்ந்தபின் என்ன ஆயிற்று தெரியுமா? ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கடும் வேதனை. அதில் நான்கு ஆண்டுகள், தாம் நரகத்துக்குத்தான் போவோம் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தார். யார் என்ன சொல்லியும் அந்த எண்ணம் போகவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: எனக்கு என்ன நேர்ந்தாலும் நேரட்டும், உயிரோடு இருக்கிறவரைக்கும் தேவன்மேலுள்ள அன்புக்காகவே எதையும் செய்வேன். நிம்மதி அதன் பிறகுதான் வந்தது. அதைத் தேடுவதை அவர் விட்ட பிறகு என்றும் சொல்லலாம்.

அவர் செய்த பயிற்சி மிகவும் எளியது. வேலையைத் தொடங்கும்போது ஆண்டவரிடம் ஒரு வார்த்தை. வேலையின் நடுவே நினைவு வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை. முடிந்ததும், நன்றாகச் செய்திருந்தால் நன்றி. தவறியிருந்தால், “நீர் என்னைத் தனியே விட்டால் நான் இப்படித்தான் செய்வேன்” என்று ஒப்புக்கொண்டு, அதற்குமேல் அதையே நினைத்து மாய்ந்துகொண்டிராமல் அடுத்த வேலை. சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும் ஆண்டவருக்காக, தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதும் ஆண்டவருக்காக. மடத்துக்குத் திராட்சரசம் வாங்க பர்கண்டிக்குப் போகச் சொன்னபோது அவருக்கு வியாபாரமும் தெரியாது, படகில் நடக்கக் காலும் உதவாது. பீப்பாய்களின்மேல் உருண்டு உருண்டுதான் நகர்ந்தார். “இது உம்முடைய காரியம்” என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் போனார், காரியமும் நன்றாகவே முடிந்தது என்கிறார். 1666-இல் தம்மைப் பார்க்க வந்த ஒரு குருவிடம் இவற்றையெல்லாம் பேசியபோது, அடுப்படிச் சத்தத்தில், நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு சாமான் கேட்கையிலும், திருவிருந்தின் முன் முழங்காலில் நிற்பதுபோன்ற அமைதியோடு இருக்க முடிகிறது என்றார். 1691-இல் இறந்தார். அந்த உரையாடல்களையும் சில கடிதங்களையும் தவிர அவர் விட்டுச்சென்றது அதிகம் இல்லை.

தம்பி, இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அந்த அமைதியை அல்ல, அதற்கு அவர் கொடுத்த வருடங்களை. நாம் மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் அதை எதிர்பார்க்கிறோம்.

எங்கள் ஆச்சியும் இப்படித்தான் என்று பின்னால்தான் புரிந்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமம். ஆச்சி பீடி சுற்றுவார். எழுதப் படிக்கத் தெரியாது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நனைத்துக் கத்தரித்த இலையில் தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டுவார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். சிறு வயதில் ஒருநாள், “யாரிடம் பேசுகிறீர்கள் ஆச்சி?” என்று கேட்டேன். “அவரிடம்தான்” என்றார், பக்கத்துத் திண்ணையில் யாரோ இருப்பதுபோல. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர். இந்தக் கட்டு ராணுவத்தில் இருக்கும் மகனுக்கு, இது எதிர் வீட்டு மருமகளின் பிரசவத்துக்கு, இது தன்னோடு சண்டைபோட்டுப் பேசாமலிருக்கும் நாத்தனாருக்கு. ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஆச்சி எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. “ஆண்டவர் என்னோடு பேசினார்” என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் அவரைப் பற்றி ஆச்சி பேசும்போது, அவர் இருக்கிறாரா என்ற கேள்வி அந்த வீட்டில் எழ முடியாது.

“இதெல்லாம் என் கற்பனையாக இருந்தால்?” என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அறிஞர் டான்யா லூர்மன் அமெரிக்க சபைகளில் பல ஆண்டுகள் விசுவாசிகளோடு உட்கார்ந்து ஜெபித்து, பேட்டி கண்டு, இதையே ஆராய்ந்தார். பிறகு சென்னையிலும் கானாவின் அக்ராவிலும் விசாரித்தார். ஜெபம் பழகப்பழகக் கூர்மையாகும் ஒரு திறன், தேவனை உணர்வதையும் மக்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. தேவன் உண்டா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. சிலர் இதைக் கேட்டு, ‘கற்றுக்கொள்வதென்றால் அது நாமே உண்டாக்குவதுதானே’ என்று சோர்ந்துபோகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தம்புரா ஒலிக்கும்போது பழகாத காதுக்கு ஏதோ ஒரு ரீங்காரம். பத்து வருடம் பாடியவருக்குச் சுருதி மயிரிழை விலகினாலும் தெரியும். பழக்கம் காதைத் தீட்டியதே தவிர சுருதியைப் படைக்கவில்லை. அதே சமயம், காதைத் தீட்டிக்கொள்ளாமலே கேட்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு. அதனால் சோதித்தறியத்தான் வேண்டும்.

சோதிக்கும் வழியில் எனக்கு அதிகம் உதவியவர், இயேசு சபைத் துறவிகளின் சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. 1521-இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. வீட்டில் மாதக்கணக்காகப் படுக்கை. வீரசாகசங்களையும் ஒரு சீமாட்டியின் மனத்தை வெல்வதையும் பற்றிப் பகற்கனவு காண்பார். புனிதர்களைப்போல் வாழ்வதைப் பற்றியும் கனவு காண்பார். காணும்போது இரண்டுமே இனித்தன. முடிந்த பிறகுதான் வித்தியாசம்: முதலாவது மனத்தை வெறுமையாக விட்டுப் போயிற்று, இரண்டாவது மகிழ்ச்சியாகவே வைத்திருந்தது. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தவர்களுக்கு இது உடனே புரியும். வாயில் போட்டவுடன் வரும் சுவையை நம்பாதீர்கள், பிறகு வருவதைக் கவனியுங்கள். ஒரு எண்ணம் ஆண்டவரிடமிருந்து வந்ததாகத் தோன்றினால் நாலு நாள் பொறுத்துப் பாருங்கள். அது உங்களை இன்னும் தாழ்மையாக, பொறுமையாக, பக்கத்தில் இருப்பவர்மேல் இரக்கமுள்ளவராக ஆக்குகிறதா? வேதத்தோடு பொருந்துகிறதா? உங்களை நன்றாக அறிந்த, உங்களைப் புகழாத ஒரு மூத்த விசுவாசியிடம் சொன்னால் என்ன சொல்கிறார்? “இன்னாரைக் கல்யாணம் செய், இந்த வேலையை விடு என்று ஆண்டவர் சொன்னார்” என்று இன்னொருவர் உங்களிடம் வந்து சொன்னால் மட்டும் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை: வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி, வறட்சி. உங்கள் கேள்வியின் வலி இதில்தான் இருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். இரவு ஒன்பது மணிக்குக் கால்மணி நேரம் முன்பு, ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்க, வெஸ்லியின் இருதயம் விசித்திரமாய் அனல்கொண்டது. பிரசங்கம் வழக்கமாக அங்கே முடிந்துவிடும். எட்டு மாதம்கூட ஆகாமல், 1739 ஜனவரி 4-ஆம் தேதி, ‘இப்போது நான் கிறிஸ்தவன் அல்ல’ என்ற பொருளில் அவரே தம் நாட்குறிப்பில் எழுதினார் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த மனுஷன்தான் அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குதிரையிலும் பின்னாளில் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் நடிக்காமல் இருந்திருப்பார்கள்!

அன்னை தெரசாவின் காரியம் இன்னும் கடினமானது. 1946 செப்டம்பர் 10, டார்ஜிலிங் போகும் ரயிலில் ஏழைகளிலும் ஏழைகளிடம் போகும்படி அழைப்பைப் பெற்றார். அந்தக் காலத்தில் இயேசுவின் நெருக்கம் அவருக்கு மிகவும் தெளிவாக இருந்தது. கல்கத்தாவின் சேரிகளில் வேலையைத் தொடங்கிய பிறகு அந்த உணர்வு நின்றுபோயிற்று. 1958-இல் சில வாரங்கள் தவிர, 1997-இல் இறக்கும்வரை அந்த இருட்டு விலகவில்லை. தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய அந்தக் கடிதங்களை அழித்துவிடச் சொன்னார். அழிக்கப்படாமல் 2007-இல் அவை புத்தகமாக வந்தன. தேவனை உணராத அந்த வருடங்களிலும் அதிகாலையில் எழுந்து ஜெபித்தார், சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக் கழுவினார். உணர்வு இல்லையென்றால் தேவன் இல்லை என்று முடிவுகட்டலாமா என்று கேட்டால், அந்தக் கைகளைத்தான் நான் காட்டுவேன்.

நூற்று முப்பத்தொன்றாம் சங்கீதத்தில் ‘பால்மறந்த குழந்தை’ என்று ஒரு சொல் இருக்கிறது. தாயின் பால்மறந்த குழந்தையைப்போலத் தன் ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறான் தாவீது. பால் குடிக்கிற குழந்தை தாயிடம் வருவது பாலுக்காக. மடியில் வைத்தவுடன் தேடும், கிடைக்காவிட்டால் அலறும். மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கச் செய்த தாய்மார்களைக் கேளுங்கள், அந்தச் சில நாட்கள் வீடே தூங்காது. அம்மா தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் குழந்தை நினைக்கும். பிறகு ஒருநாள் அது சும்மா வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றும் கேட்பதில்லை. இப்போதுதான் அது அம்மாவிடம் அம்மாவுக்காக வருகிறது. நீங்கள் அந்தத் தூக்கமில்லாத நாட்களில் இருப்பவர் என்பது என் எண்ணம்.

ஒரு விஷயத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெபம் மட்டும் அல்ல, சாப்பாடு, நண்பர்கள், பாட்டு எதுவுமே ருசிக்கவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. சூரைச்செடியின் கீழே படுத்துச் சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தார். திரும்பவும் தூங்க விட்டார், திரும்பவும் சாப்பாடு. தேவன் அவனோடு பேசிய ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ அதற்கும் நாற்பது நாள் நடைக்கும் பிறகுதான்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் அப்பா பக்கவாதத்தில் இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். பகலில் பள்ளிக்கூட வேலை, இரவில் அவரைப் பார்த்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தேவ பிரசன்னத்தைப் பற்றிப் பாடம் எடுப்பேன். எனக்கோ ஆண்டவர் கல்லைப்போல் மௌனமாக இருந்தார். ஒரு இரவு இரண்டு மணிக்கு விரிப்பை மாற்றி முடித்த ஐந்தாம் நிமிடம் அப்பா மறுபடியும் நனைத்துவிட்டார். எனக்கு வந்த கோபம் அவர்மேல் அல்ல. “நீர் இருந்தால் வந்து இந்தத் துணியின் ஒரு முனையைப் பிடியும்” என்று சத்தமாகவே சொன்னேன். எந்தப் பதிலும் இல்லை. நானேதான் மாற்றினேன். காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். இஸ்லாமியர். “நீ போய்ப் படு, பத்து மணிவரை நான் இருக்கிறேன்” என்று விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து உதறினார். அவர் அதற்கு முன்னும் வாரத்தில் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தவர்தான். புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். “தேவனை ஒருவரும் ஒருபோதும் கண்டதில்லை, நாம் ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூர்ந்தால் தேவன் நமக்குள் நிலைத்திருக்கிறார்” என்று யோவான் எழுதியது எனக்கு மனப்பாடம். அந்தக் காலை வரைக்கும் மனப்பாடம் மட்டும்தான்.

ஆகவே இப்போதைக்கு இப்படிச் செய்து பாருங்கள். காலையில் அரைமணி, ஒருமணி என்று தீர்மானம் எடுக்காதீர்கள், நாலாம் நாள் உடைந்துவிடும். ஒரு சங்கீதம், அதுவும் மெதுவாக, வாய்விட்டு. பிறகு தினமும் செய்தே ஆக வேண்டிய ஒரு சலிப்பான வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த ரயில் பயணம் இருக்கிறது. ஏறியதும் செல்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் மூன்று நிலையங்களுக்கு மட்டும் ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அலுவலகத்து எரிச்சலையும் சொல்லலாம், அவர்மேல் உள்ள எரிச்சலையும் சொல்லலாம். இரவில் படுக்குமுன் அந்த நாளைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்: எந்த இடத்தில் மனம் லேசானது, எந்த இடத்தில் சுருங்கியது. இக்னேஷியஸ் தம் சீடர்களுக்குத் தவறாமல் செய்யச் சொன்னது இதைத்தான். ஒரு நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும். ஆறு மாதம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டாம். திருவிருந்துக்கு, உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், போங்கள்; அப்பம் உங்கள் உணர்வைக் கேட்டுக்கொண்டு உங்கள் கைக்கு வருவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில், காலையில் விடுதி நடைபாதையைத் துடைக்கும் ஒரு வயதான அம்மாவைத் தாண்டித்தான் தினமும் போவதாக எழுதியிருந்தீர்கள். அவருடைய பெயர் என்ன என்று எழுதவில்லை. நாளைக்குக் கேட்டு வையுங்கள். மூன்று நிலையங்களில் ஒரு நிலையம் அவருக்கு.